ஏழுபேர் ஆட்டமும் ஒற்றை விசிலும்

(நம் வாலிபர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் இளம் அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இன்றோ விளையாட்டைப் பற்றிப் பேச அனுமதி பெற்று வந்திருக்கிறோம். அதிலும் பந்தை ஏந்தி ஓடும் வீரரைப் பற்றியன்று. வெற்றி பெற்ற கட்சியாராலும் தோள்மீது தூக்கப்படாத, தோல்வியுற்ற கட்சியாரால் மட்டும் நெடுநாள் நினைவில் வைக்கப்படுகிற ஒருவரைப் பற்றி. அவரே மத்தியஸ்தர். சிறு எண்ணிக்கையினர் ஆடும் றக்பி ஆட்டத்தில் மத்தியஸ்தம் வகிப்பது எத்தகைய பணி, அப்பணிக்கு நம் சங்கத்து இளைஞர் ஏன் முன்வரவேண்டும் என்பதே இன்றைய பொருள்.

கண்டி மாநகரில் வாழ்வோருக்கு 'றகர்' என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. 1891இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்னும் பெரியார் நிறுவிய கிங்ஸ்வூட் கல்லூரியே இலங்கைப் பாடசாலைகளுள் இந்த ஆட்டத்தை முதலில் கைக்கொண்டது. 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பொருதிய ஆட்டமே இந்நாட்டின் முதலாவது பாடசாலைகளுக்கிடையிலான றக்பி ஆட்டம். அது 6க்கு 6 என்று சமநிலையில் முடிந்தது. 1945 முதல் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடி வருகின்றன. நித்தவெல மைதானத்தைத் தன் இல்லமாகக் கொண்ட கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. 1999 முதல் சில ஆண்டுகள் போகம்பரை மைதானத்தில் பல நாட்டு அணிகள் வந்து ஏழுபேர் ஆட்டம் ஆடியதை நம் பெரியோர் பலர் நேரிற் கண்டிருப்பர். இத்தனை ஆட்டங்களையும் பார்த்திருக்கிறோம். வீரர் பெயர்களை மனனமாகச் சொல்லுகிறோம். ஆனால் அந்த ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர்களுள் ஒருவர் பெயரையேனும் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனைபேர்?

சிறு எண்ணிக்கை ஆட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை முதலிற் பார்ப்போம். றக்பி பொதுவாக அணிக்குப் பதினைந்துபேர் ஆடுவது. ஸ்கொட்லாந்தில் மெல்றோஸ் என்ற சிற்றூரின் கழகம் 1883இல் பண முடையில் இருந்தது. நிதி திரட்ட ஒரு விளையாட்டு விழா நடத்தலாம் என்று யோசனை பிறந்தது. ஒரே நாளில் பல அணிகள் ஆடவேண்டும்; பதினைந்துபேர் அணிகளை வைத்து அது இயலாது. அணிக்கு ஏழுபேர், ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் என்று குறைத்தால் என்ன என்று எண்ணினார் நெட் ஹேய்க் என்ற இறைச்சிக் கடைத் தொழிலாளி. இன்று உலகெங்கும் ஆடப்படும் ஏழுபேர் றக்பி அவ்வாறு பிறந்ததுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை. அமெரிக்க உதைபந்தாட்டம் என்பது றக்பியின் வழித்தோன்றலே. 1874இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தினர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்து றக்பி முறையில் ஆடிக் காட்டினர். அந்த விதையிலிருந்து கிளைத்து வேறாக வளர்ந்தது அது. அணிக்குப் பதினொருவர் ஆடுவது அதன் முறை. 1930களின் பொருளாதார மந்தத்தில், நெப்ராஸ்கா மாநிலத்துச் சின்னஞ்சிறு கிராமப் பாடசாலைகளில் பதினொரு பையன்களைச் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. ஸ்டீபன் எப்லர் என்ற ஆசிரியர் 1934இல் அணிக்கு ஆறுபேர் ஆடும் முறையை வகுத்தார். பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளும் அதனால் களங்கண்டன.

இப்போது அந்த ஆட்டத்தின் இன்னொரு சிறு வடிவம் உலகின் கவனத்தைப் பெற்றுள்ளது. அணிக்கு ஐவர், மோதலில்லை, ஒவ்வொருவர் இடுப்பிலும் பட்டித் துண்டுகள் தொங்கும், பந்து வைத்திருப்பவரின் துண்டை உருவினால் அவரைப் பிடித்து வீழ்த்தியதற்குச் சமம். இந்தக் கொடி உதைபந்தாட்டத்தை 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவிற் சேர்ப்பதென்று 2023 ஒக்டோபரில் மும்பாயிற் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு தீர்மானித்தது. ஏழுபேர் றக்பி 2016இல் றியோ நகரிலேயே ஒலிம்பிக்கினுள் நுழைந்துவிட்டது. அவ்வாண்டு ஆடவர் தங்கத்தை வென்றது பிஜி என்னும் சிறு தீவு நாடு. அந்நாடு ஒலிம்பிக்கில் பெற்ற முதற் பதக்கமே அதுதான்.

ஆக, சிறு எண்ணிக்கை ஆட்டம் இல்லாமையிற் பிறந்து, இல்லாதவர்க்கு வாழ்வு தந்த ஆட்டம். இதை மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஆட்டம் சிறிதானால் மத்தியஸ்தர் வேலையும் சிறிதாகும் என்று பலர் எண்ணுகின்றனர். முப்பது பேரைக் கவனிப்பதைவிடப் பதினான்கு பேரைக் கவனிப்பது எளிதல்லவா என்று கேட்கின்றனர். இந்த எண்ணம் தவறு. கணக்குப் போட்டே பார்ப்போம்.

றக்பிக் களம் 100 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் உடையது என்று கொள்வோம். அதாவது 7,000 சதுர மீற்றர். பதினைந்துபேர் ஆட்டத்தில் ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ 233 சதுர மீற்றர் வரும். ஏழுபேர் ஆட்டத்துக்கும் களம் அதுவே. ஒருவர் பங்குக்கு 500 சதுர மீற்றர். வெளி இரட்டிப்புக்கு மேலாகிறது. ஒருவன் எதிரணியின் இடைவெளியைக் கண்டு புகுந்தானானால் எழுபது, எண்பது மீற்றர் தடையின்றி ஓடுவான். அவன் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் பதிக்கும்போது மத்தியஸ்தர் அருகில் நிற்கவேண்டும். வீரனுக்கு மாற்று ஆள் உண்டு; மத்தியஸ்தர் ஓடியே தீரவேண்டும். போட்டி விழாவென்றால் ஒரே நாளிற் பல ஆட்டங்கள் வேறு.

இனி நேரக் கணக்கு. பதினைந்துபேர் ஆட்டம் 80 நிமிடம். ஏழுபேர் ஆட்டம் பாதிக்கு 7 நிமிடமாக 14 நிமிடம். இடைவேளை 2 நிமிடம். எண்பது நிமிடத்தில் ஒரு தீர்ப்புப் பிசகினால் வீரர் அதை மறந்து, மீண்டும் முயன்று, ஈடுசெய்ய அவகாசமுண்டு. பதினான்கு நிமிடத்தில் அந்த அவகாசம் ஏது? தண்டனையும் அப்படியே. மஞ்சள் அட்டை பெற்றவர் பெரிய ஆட்டத்தில் 10 நிமிடமும் சிறிய ஆட்டத்தில் 2 நிமிடமும் வெளியே இருக்கவேண்டும். 10 பெரிது, 2 சிறிது என்று தோன்றும். ஆனால் எண்பதிற் பத்து என்பது எட்டில் ஒரு பங்கு. பதினான்கில் இரண்டு என்பது ஏழில் ஒரு பங்கு. அங்கே பதினைந்தில் ஒருவர் குறைவார். இங்கே ஏழில் ஒருவர் குறைவார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுக்கும் கை எவ்வளவு நிதானம் உடையதாய் இருக்கவேண்டும் என்பதை இக்கணக்குக் காட்டும்.

ஏழுபேர் ஆட்டத்தின் விதிகள் பலவும் நேரத்தைக் காப்பதற்கென்றே அமைந்தவை. இரு அணியின் முன்வரிசையினரும் குனிந்து கோத்துத் தள்ளும் 'ஸ்க்ரம்' இங்கே அணிக்கு மூவரோடு முடிகிறது. 'ட்ரை' வைத்தபின் இரண்டு புள்ளி சேர்க்கும் உதை, பந்தை நிலத்தில் நிறுத்தி உதைப்பதன்று. கையிலிருந்து விழவிட்டு, நிலத்தைத் தொட்டெழும்போது உதைப்பது. அதையும் 30 விநாடிக்குள் உதைக்கவேண்டும். பெரிய ஆட்டத்தில் புள்ளி இழந்த அணி உதைத்து ஆட்டத்தை மீளத் தொடங்கும். சிறிய ஆட்டத்தில் புள்ளி பெற்ற அணியே உதைக்கும். கோல் கோட்டுக்கு அப்பாற்பட்ட பகுதியைக் கவனிக்கவென்று இரண்டு நடுவர் தனியே நிற்பார்கள். பக்கக் கோட்டில் கொடியுடன் இருவர். இவர்கள் நால்வரும் உதவுவரேயன்றி, தீர்ப்பின் சுமை விசில் வைத்திருக்கும் ஒருவர் தலையிலேயே விழுகிறது.

அவர் கண் எங்கே இருக்கவேண்டும்? பந்து ஏந்தியவன் பிடிபட்டு விழும் இடத்தில். அங்கே மூன்று காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழவேண்டும். பிடித்தவன் விட்டு விலகவேண்டும். விழுந்தவன் பந்தை விடவேண்டும். மூன்றாமவனாய் வருபவன் தன் கால்களில் நின்றபடியே பந்துக்குப் போட்டியிடவேண்டும். பெரிய ஆட்டத்தில் அந்த இடத்திற் பலர் வந்து விழுந்து குவிவர். ஏழுபேர் ஆட்டத்தில் இருவர், மிஞ்சினால் மூவர். ஆகையால் யாவும் வெளிச்சம். மத்தியஸ்தர் கண்ட பிழையைப் பார்வையாளரும் காண்கின்றனர். அவர் காணத் தவறியதையும் காண்கின்றனர். கூட்டத்தில் ஒளிந்து கொள்ள வீரனுக்கும் இடமில்லை, மத்தியஸ்தருக்கும் இடமில்லை. சிறு ஆட்டத்தின் கடுமையும் அழகும் இதுவே.

மத்தியஸ்தரின் மதிநுட்பத்தைச் சோதிக்கும் இன்னொரு விதி 'சாதக விதி' என்று சொல்லத்தக்கது. ஓர் அணி பிழை செய்கிறது. ஆனால் பந்து பிழை செய்யாத அணியின் கையிற் போய்ச் சேர்ந்து, அவர்களுக்கு நல்ல வாய்ப்பு அமைகிறது. அப்போது விசில் ஊதினால் பிழை செய்தவனுக்கே இலாபம். ஆகவே மத்தியஸ்தர் கையை நீட்டிக் காட்டியபடி ஆட்டத்தை ஓடவிடுகிறார். பயன் கிட்டாவிட்டால் மட்டும் பழைய இடத்துக்கு அழைத்து வருகிறார். அமெரிக்க ஆட்டத்தில் இதே எண்ணம் வேறு வடிவம் பெறுகிறது. அங்கே பிழையைக் கண்ட நடுவர் மஞ்சள் துணியொன்றை நிலத்தில் எறிவார். பெரும்பாலான பிழைகளில் ஆட்டம் நில்லாமல் ஓடி முடியும். பின்னர், பாதிக்கப்பட்ட அணி தண்டனையை ஏற்பதா, நடந்ததை நடந்தபடியே கொள்வதா என்று தெரிந்தெடுக்கும். அங்கே தெரிவு பாதிக்கப்பட்டவனிடம். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் மத்தியஸ்தரின் மனத்தில். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்திற் களத்தில் ஏழு அலுவலர் நிற்கின்றனர். நம்மூர் ஏழுபேர் றக்பியில் அந்தத் தெரிவை ஒருவர் மூச்சிரைக்க ஓடியபடி ஒரு விநாடியிற் செய்கிறார்.

விசில் ஊதுவது அதிகாரம். ஊதாமல் இருப்பது விவேகம். இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் பள்ளிக்கூடம் வேறு எங்கே உண்டு?

மத்தியஸ்தர் என்ற பதவி தோன்றிய வரலாறும் சிந்திக்கத்தக்கது. இங்கிலாந்தில் றக்பி தொடங்கிய காலத்தில் மத்தியஸ்தர் என ஒருவர் இருந்ததேயில்லை. பிணக்கு வந்தால் இரு அணித் தலைவர்களும் பேசித் தீர்த்தனர். கனவான்கள் பொய் சொல்லார் என்ற நம்பிக்கை. கழகங்கள் பெருகிப் போட்டி கடுமையானதும் அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஒவ்வொரு அணியும் தன் பக்கத்துக்கு ஒரு நடுவரை நிறுத்தியது. அந்த இருவருக்கும் இடையே ஒருமைப்பாடு இல்லாதபோது கேட்பதற்கென்று மூன்றாமவர் ஒருவர் வேண்டியிருந்தது. 1880களில் அவர் கையில் விசில் வந்தது. 'தன் பக்கத்து நடுவர்' என்ற எண்ணம் தோற்ற இடத்திலேயே 'எவர் பக்கமும் சேராதவர்' பிறந்தார். இந்த வரலாறு விளையாட்டுக்கு மட்டும் உரியதா என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

மெல்றோசில் நடந்த அந்த முதல் விழாவின் இறுதியாட்டமே பிணக்கில்தான் முடிந்தது. மெல்றோசும் அயலூரான கேலாவும் சமநிலையில் நின்றன. மேலும் கால் மணி நேரம் ஆடுவதென்று உடன்பட்டனர். பத்து நிமிடமளவில் மெல்றோஸ் ஒரு ட்ரை வைத்தது. வெற்றி தங்களதே என்று களத்தை விட்டு வெளியேறியது. குறித்த நேரம் முடியவில்லையே என்று கேலா அணியினர் முறையிட்டனர். மேலதிக நேரத்தில் முதலிற் புள்ளி பெறுபவர் வென்றவரா, நேரம் முழுவதும் ஆடவேண்டுமா என்று எவரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. இன்றைய ஏழுபேர் விதி ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: மேலதிக நேரத்தில் முதலிற் புள்ளி பெற்ற அணியே வென்றது. விதி என்பது வீம்புக்காக எழுதப்பட்டதன்று. ஒவ்வொரு விதியின் பின்னாலும் என்றோ ஒருநாள் நடந்த ஒரு சண்டை இருக்கிறது.

சில விதிகளின் பின்னால் சாவும் இருக்கிறது. அமெரிக்க ஆட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகக் கொடூரமாய் இருந்தது. களத்திலே மாணவர் உயிரிழந்தனர். 1905இல் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் திருத்தப்பட்டு, பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. ஆட்டத்தின் முகமே மாறியது. கண்டியிற் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் முதன்முதல் ஆடிய அதே 1906ஆம் ஆண்டு அது.

ஆதலால் மத்தியஸ்தரின் முதற் கடமை புள்ளி எண்ணுவதன்று, ஆடுவோரைக் காப்பது. தோளுக்கு மேல் பிடித்தால் தண்டனை. அந்தரத்தில் இருப்பவனை இழுத்தால் தண்டனை. தலையில் அடிபட்டதென்று ஐயம் தோன்றினாலே அந்த வீரனைக் களத்திலிருந்து அகற்றவேண்டும் என்பது உலக றக்பி அமைப்பின் அறிவுரை. 'எனக்கொன்றுமில்லை ஐயா, ஆடுவேன்' என்று பையன் கெஞ்சுவான். பயிற்றுநர் முகம் சுளிப்பார். பெற்றோரே கூடக் கரையிலிருந்து சத்தமிடுவர். அப்போது 'இல்லைத் தம்பி, இன்று போதும்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அந்தப் பையனின் பெயரைக்கூட அறியாதவராய் இருக்கலாம். ஆயினும் அந்த ஒரு கணத்தில் அவனுக்குத் தாய் தந்தையர் அவரே.

பெரியோர் சிலர் 'இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த முரட்டு ஆட்டம். இந்து வாலிபருக்கு ஏன்?' என்று கேட்கலாம். நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். அந்த மைதானத்தில்தான் இதைக் கண்டோம் என்பது மெய்யே. ஆனால் அணிக்கு எழுவர் ஆடும் ஆட்டம் நமக்குப் புதிதன்று. சடுகுடு என்றும் கபடி என்றும் நம் முன்னோர் ஆடியதை இன்று போட்டிகளில் அணிக்கு எழுவராகவே ஆடுகின்றனர். 1990இல் பீக்கிங் நகரில் ஆசிய விளையாட்டு விழாவிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அங்கே பாடிச் செல்பவன் மூச்சு விட்டானா இல்லையா என்பதை நடுவர் காதாற் கேட்டுத் தீர்க்கவேண்டும். கண்ணுக்குரிய நீதி றகரில். காதுக்குரிய நீதி சடுகுடுவில். நீதி ஒன்றே.

நடுவு நிலைமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இறைவனே எதிரில் வந்து நின்றபோதும் தாம் கண்ட பிழையைப் பிழையென்று உரைத்த நக்கீரர் கதையை நம் பாட்டிமார் நமக்குச் சொல்லியிருக்கின்றனர். பாரதத்தில் இன்னும் நெருக்கமான காட்சியொன்று உண்டு. பீமனும் துரியோதனனும் கதாயுதத்தால் பொருதபோது, இருவருக்கும் அவ்வித்தையைக் கற்பித்த பலராமர் அங்கே வந்து சேர்ந்தார். போரில் எப்பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரை சென்றிருந்தவர் அவர். நாபிக்குக் கீழே அடித்தல் கதைப்போரின் விதிக்குப் புறம்பு. பீமன் துரியோதனனின் தொடையில் அடித்து வீழ்த்தினான். பலராமர் கலப்பையை ஓங்கியபடி எழுந்தார். கண்ணன் தழுவித் தடுத்தான். பீமனின் சபதமும் திரௌபதியின் துயரமும் வேறொரு தராசில் நிறுக்கப்படவேண்டியவை; அதைச் சமய அறிஞர் விளக்குவர். நாம் காண்பது இதையே: இரு மாணவர்மீதும் அன்புடைய ஆசான், விதி மீறப்பட்டபோது, மீறியவன் யார் பக்கம் என்று பார்க்கவில்லை. மத்தியஸ்தரின் மனம் அது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சினந்து எழுந்த பலராமரிடம் ஆயுதம் இருந்தது. மத்தியஸ்தரிடம் ஒரு விசிலும் நீட்டிய கையும் மட்டுமே உண்டு. மற்றவை யாவும் ஆடுவோரும் பார்ப்போரும் அவருக்குக் கடனாய்த் தரும் மரியாதை.

அந்தக் கடனை நாம் ஒழுங்காய்த் தருகிறோமா? மைதானக் கரையில் நின்று மத்தியஸ்தரைக் குருடன் என்கிறோம், விலைபோனவன் என்கிறோம், அவர் இனத்தையும் ஊரையும் இழுத்துப் பேசுவாரும் உண்டு. தொலைக்காட்சியில் மூன்று கோணத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, நாற்காலியிற் சாய்ந்தபடி நாம் சொல்லும் தீர்ப்பை, அவர் ஒரே கோணத்தில், ஓடும் வேகத்தில், ஒரே முறை கண்டு சொல்லவேண்டும். பாடசாலை ஆட்டங்களில் திரைநடுவர் வசதியும் பெரும்பாலும் கிடையாது. ஏச்சுப் பேச்சுக்கு அஞ்சி நல்ல இளைஞர் இப்பணிக்கு வரத் தயங்குகின்றனர். வருவோர் குறைந்தால் ஆட்டங்கள் குறையும். ஆட்டங்கள் குறைந்தால் முதலிற் கைவிடப்படுவது சிறு பாடசாலைகளே. பெரிய கல்லூரிக்கு எப்படியும் மத்தியஸ்தர் கிடைப்பார்.

இங்கேதான் முன்னர் சொன்னதற்குத் திரும்புகிறோம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று கண்டியைச் சுற்றிய மலைச்சரிவுகளில் நம் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகள் பல. அவற்றுட் பலவற்றில் பதினைந்து பேர் அணிக்கு ஆளில்லை. அத்தனை பெரிய சமநிலமும் இல்லை. ஆனால் ஏழு பிள்ளைகள் எங்கும் உண்டு. இடுப்புப் பட்டியில் துண்டு செருகி ஆடும் மோதலற்ற ஆட்டத்துக்குச் சிறு நிலம் போதும், ஆணும் பெண்ணும் ஆடலாம், செலவும் சொற்பம். மெல்றோசுக்கும் நெப்ராஸ்காவுக்கும் வாழ்வளித்த மருந்து நம் மலைநாட்டுக்கும் பொருந்தும். ஒரு பந்தை வாங்கிக் கொடுத்துவிடலாம். விதியறிந்து, பக்கம் சேராமல், பிள்ளைகளைக் காத்து ஆட்டத்தை நடத்த ஒருவரை எங்கே வாங்குவது?

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஏழுபேர் றக்பியின் விதிகளையும் துண்டு உருவும் ஆட்டத்தின் விதிகளையும் எளிய தமிழில் எழுதுவது. பேராதனையிற் படிக்கும் நாம் விடுமுறையில் இதைச் செய்ய ஆயத்தமாய் இருக்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பிள்ளைகளை மிரட்டாமல், 'விடு, விலகு, எழுந்து நில்' என்று களத்தில் வழங்கும் சொற்களிலேயே எழுதுவோம்.

இரண்டாவது, சங்கத்து இளைஞர், யுவதியர் சிலரை மத்தியஸ்தர் பயிற்சிக்கு அனுப்புவது. முதலிற் பக்கக் கோட்டிற் கொடி பிடிக்கட்டும். பின்னர் சிறுவர் ஆட்டங்களில் விசில் ஏந்தட்டும். அனுபவமுள்ள மத்தியஸ்தர் ஒருவர் அருகிருந்து பார்த்துத் திருத்தட்டும். உடற்பயிற்சி, விதியறிவு, வாயடக்கம் ஆகிய மூன்றும் இதற்கு வேண்டும். மூன்றிலும் கடைசியானதே கடினம்.

மூன்றாவது, கரையில் நிற்கும் நமக்கு நாமே ஒரு விரதம் விதித்துக் கொள்வது. கந்தசட்டிக்கு உணவு துறக்கிறோம். ஆட்டம் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் மத்தியஸ்தரை ஏசும் இன்பத்தைத் துறப்போம். இதில் இளைஞருக்குப் பெரியோரே வழிகாட்டவேண்டும். நாம் கண்டமட்டில் கரையில் உரக்க ஏசுவோர் எல்லாரும் இளைஞர் அல்லர் என்பதைப் பணிவுடன் சொல்லி வைக்கிறோம்.

இந்த யோசனைகளால் ஆட்டத்துக்கு வரும் நன்மையைக் காட்டிலும் நமக்கு வரும் நன்மை பெரிதென்று கருதுகிறோம். கண்டி பல இனத்தார், பல சமயத்தார் வாழும் நகர். ஓர் ஆட்டத்தில் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்து ஓடுவர். அவர்கள் நடுவே நம் இளைஞன் ஒருவன் விசிலோடு நிற்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். விசிலுக்கு மொழியில்லை; நீட்டிய கைக்கும் மொழியில்லை. அவன் கையைக் காட்டுகிறான். அணித் தலைவன் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறான். 'இவன் நம்மவன் அல்லன். ஆனால் நியாயமானவன்' என்று ஒரு பிள்ளை வீட்டிற்போய்ச் சொல்லும். இந்நாடு 2009 வரை கண்ட நெடும்போருக்குப் பின், ஒருவரையொருவர் நம்புவது எப்படி என்று பெரிய மண்டபங்களிற் பேசப்படுகிறது. பதினான்கு நிமிடத்துக்கு நம்பப்படும் தகுதியை ஒரு சிறு மைதானத்தில் நாம் சம்பாதித்தால், அதுவும் அந்தப் பெரிய காரியத்தில் ஒரு பங்கே.

நம்மை நம்பவேண்டும் என்று கேட்பது எளிது. நம்பத்தக்கவராய் நிற்பது பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கும்படி வேண்டுகிறோம். சப்பாத்து இல்லாதவர்களும் பெயர் கொடுக்கலாம். சப்பாத்துக்கு வழி பார்த்துக் கொள்ளலாம்.